பழைய இசைத்தட்டுகளும் அவற்றின் வெளியீட்டு வரலாறும்

வரலாறு எழுதப் புகுவோர்க்குக் கல்வெட்டு, செப்பேடு, நாணயம், ஓலைச்சுவடி ஆகியன சான்றுகளாதலை யாவரும் அறிவர். இவற்றுள் ஒன்றைக் கண்டெடுத்த ஆராய்ச்சியாளன் அதன்கண் எழுதியிருப்பதை மாத்திரம் படித்து அமைவதில்லை. எவ்விடத்தில் வெட்டப்பட்டது, எவ்வரசனுடைய அக்கசாலையில் அடிக்கப்பட்டது, எவ்வழியாக இவ்வூரை வந்தடைந்தது என்பனவற்றையும் வினாவுகின்றான். இருபதாம் நூற்றாண்டு விட்டுச்சென்ற சான்றுகளுள் இத்தகைய வினாக்களுக்கு விடை தரவல்ல பொருள் ஒன்றுண்டு. ஆயினும் அதனை நோக்கி அவ்வினாக்களை எழுப்பியவர் சிலரே. அப்பொருள் இசைத்தட்டாகும்.

பழைய இசைத்தட்டுகளைச் சேர்த்து வைத்தலை வெறும் பொழுதுபோக்கென்றும் வசதி படைத்தோரின் ஆசையென்றும் கருதுவார் பலர். அக்கருத்து முற்றும் பிழையன்று. எனினும் பொறுப்புணர்ந்து சேர்ப்பவன் தன் கையிலுள்ள தட்டினைக் குறித்துக் கேட்கும் கேள்விகள் வரலாற்றாசிரியனின் கேள்விகளேயாம். பாடியவர் யார் என்பதோடு அவன் நின்றுவிடுவதில்லை. எந்நகரிற் பதிவாயிற்று, எந்நாட்டுத் தொழிற்சாலையில் அச்சாயிற்று, எம்மக்களுக்கென விற்பனைக்கு வந்தது, பின்னர் எவ்வெவ் வடிவங்களில் மீண்டும் வெளிவந்தது என்பனவற்றையும் அவன் ஆராய்கின்றான். இவ்வினாக்களுக்குரிய விடைகளின் தொகுதியே வெளியீட்டு வரலாறு எனப்படும். அவ்வரலாறு இன்றேல் இசைத்தட்டு வெறும் ஓசைப்பொருளே. அவ்வரலாற்றோடு சேரும்போதுதான் அஃது ஆவணமாகின்றது. இந்தியாவிலும் இலங்கையிலும் இசைத்தட்டு நடந்துவந்த பாதையை நோக்குமிடத்து இவ்வுண்மை இனிது விளங்கும்.

ஒலியைப் பதிந்து மீட்டும் ஒலிக்கச்செய்யும் கருவியை அமெரிக்கரான தோமஸ் எடிசன் 1877ஆம் ஆண்டிற் செய்துகாட்டினார். அவருடைய கருவியில் ஒலி பதிந்தது உருளையின் மீது. பத்தாண்டுகள் கழித்து, 1887இல், எமில் பேர்லினர் என்பார் உருளையை விடுத்துத் தட்டையான வட்டத்தைக் கையாண்டார். இம்மாற்றம் சிறிதெனத் தோன்றினும் இதன் விளைவு பெரிது. உருளையைப் பெருந்தொகையாகப் படியெடுத்தல் அக்காலத்தில் அரிதாயிருந்தது. தட்டினையோ ஓர் அச்சிலிருந்து ஆயிரக்கணக்காக வார்த்தெடுக்கலாம். அச்சுப்பொறி நூலுக்குச் செய்த உதவியைப் பேர்லினரின் தட்டு இசைக்குச் செய்தது எனலாம்.

தட்டு உருவாகும் முறையைச் சிறிது அறிந்தாலன்றிப் பின்னர்க் கூறப்படுவன விளங்கா. பாடகர் பெரிய கொம்பொன்றின் முன் அமர்ந்து பாடுவார். அவர் குரலின் அதிர்வினால் ஊசியொன்று சுழலும் மெழுகுத் தட்டின்மீது வரி கீறும். மின்சாரத்தின் வழி ஒலிவாங்கி கொண்டு பதியும் முறை 1925இலேயே வந்தது. கீறிய மெழுகின்மேல் உலோகம் பூசி, அதிலிருந்து எதிரச்சு எடுக்கப்படும். அவ்வெதிரச்சின் வழியாக அரக்குக் கலவையைச் சூடாக்கி அழுத்தினால் விற்பனைக்குரிய தட்டு கிடைக்கும். மெழுகிற் பதிந்த ஒவ்வொரு பாட்டிற்கும் ஓரெண் கொடுக்கப்பட்டது. இஃது அச்செண். தட்டின் நடுவே, ஒட்டிய சீட்டினை அடுத்துள்ள வெற்றிடத்தில், இவ்வெண்ணைச் சாய்த்துப் பார்த்துப் படிக்கலாம். சீட்டின்மேல் அச்சிட்ட பட்டியலெண் வேறு. அது வணிகருக்காக இட்டது. பட்டியலெண் காலத்துக்குக் காலம் மாறும். அச்செண் அங்ஙனம் மாறுவதில்லை. ஆகவே சீட்டு வணிகனின் சாட்சியென்றும் அச்செண் பதிவுகூடத்தின் சாட்சியென்றும் கொள்ளுதல் தகும். இவ்விரு சாட்சிகளையும் ஒப்புநோக்குதலே ஆராய்ச்சியின் முதற்படி.

பேர்லினரின் கண்டுபிடிப்பைக் கொண்டு இலண்டனில் 1897இற் கிராமபோன் கொம்பனி தோன்றியது. அடுத்த ஆண்டில் ஜேர்மனியின் ஹனோவர் நகரில், பேர்லினர் பிறந்த ஊரிலேயே, தட்டுகளை அச்சிடும் தொழிற்சாலை எழுந்தது. கிராமபோன் பெட்டியை விற்கவேண்டுமாயின் அந்தந்த நாட்டு மக்கள் கேட்க விரும்பும் பாட்டுகள் தட்டில் இருத்தல் வேண்டும் என்பதைக் கொம்பனியார் விரைவில் உணர்ந்தனர். அதனால் பதிவு வல்லுநரான பிரெட் கைஸ்பேர்க் என்பவரைக் கீழ்த்திசை நாடுகளுக்கு அனுப்பினர். அவர் 1902 ஒக்டோபர் மாத இறுதியிற் கல்கத்தாவை அடைந்தார். அங்கே தங்கிய சில வாரங்களுள் ஐந்நூற்றுக்கு மேற்பட்ட பதிவுகளைச் செய்து முடித்து, சீன, யப்பான் நாடுகளை நோக்கிச் சென்றார்.

அப்பதிவுகளுள் மிகுந்த புகழ் பெற்றவை கௌஹர் ஜான் என்னும் பாடகி பாடியவை. 1873இற் பிறந்து, 1930இல் மைசூரில் மறைந்த அவ்வம்மையாரின் பல தட்டுகளில், பாட்டு முடியும் தறுவாயில், தம் பெயரை ஆங்கிலத்தில் உரத்துக் கூறும் குரலைக் கேட்கலாம். கேட்போர் பலர் இதனைப் பாடகியின் பெருமிதம் எனக் கொள்வர். வெளியீட்டு வரலாற்றை அறிந்தவரோ வேறொரு காரணம் கூறுவர். கல்கத்தாவிற் பதிந்த மெழுகுத் தட்டுகள் கப்பலேறி ஹனோவருக்குச் சென்றன. ஆங்குள்ள தொழிலாளர்க்கு இந்திய மொழிகள் தெரியா; எத்தட்டு எவருடையது என அறிதல் அரிது. பாடியவரே தம் பெயரைச் சொல்லிவிடின் சீட்டு மாறி ஒட்டப்படாது. கலைஞரின் செருக்கெனத் தோன்றுவது உண்மையில் இரு கண்டங்களுக்கிடையே நடந்த தொழிலின் ஒழுங்காயிருந்தது. தட்டு எங்கே அச்சானது என்பதை அறியாதவன் அதில் ஒலிக்கும் சொல்லையும் பிழையாகவே பொருள்கொள்ளுவான்.

அச்சான தட்டுகள் 1903இல் இந்தியாவுக்குத் திரும்பி வந்தன. அக்காலத் தட்டுகளில் ஒரு பக்கத்தில் மாத்திரமே பாட்டு இருக்கும். ஹனோவரில் அச்சானமையைத் தெரிவிக்கும் சொற்கள் அவற்றில் உண்டு. சீட்டிலே சிறகுடைய தேவகுமாரன் ஒருவன் இறகினால் தட்டின்மீது எழுதும் சின்னம் காணப்படும். கிராமபோனின் கொம்பினுள் செவி சாய்த்திருக்கும் நாயின் சின்னம் பிரித்தானியச் சீட்டுகளில் 1909இலேயே இடம்பெற்றது. இந்தியச் சீட்டுகளில் அதற்கும் பின்னரே வந்தது. எனவே நாய்ச் சின்னத்தோடு கூடிய தட்டொன்றைக் கையில் வைத்துக்கொண்டு, இது 1902இல் விற்கப்பட்ட முதற் படி என்று எவரேனும் உரைப்பின், அக்கூற்றை ஏற்றல் இயலாது.

கடல் கடந்து போய்த் திரும்பும் இம்முறையினால் காலமும் பொருளும் வீணாயின. விற்பனையோ பெருகிற்று. ஆதலாற் கொம்பனியார் கல்கத்தாவின் சியால்டாப் பகுதியில் 1908இற் சொந்தத் தொழிற்சாலையைத் திறந்தனர். 1914இல் முதலாம் உலகப்போர் மூண்டபோது பிரித்தானியக் கொம்பனிக்கும் ஜேர்மன் தொழிற்சாலைக்கும் இருந்த தொடர்பு அறுந்தது. அப்போது சியால்டாத் தொழிற்சாலை இன்றேல் இந்திய இசைத்தட்டு வணிகம் பெரிதும் நலிவுற்றிருக்கும். பின்னர் 1928 அளவில் டம்டம் என்னுமிடத்திற் பெரிய தொழிற்சாலை எழுந்தது. ஆகவே ஒரே பாட்டு முதலில் ஹனோவரிலும், பிறகு சியால்டாவிலும், அதன்பின் டம்டத்திலும் அச்சாகி, ஒரு பக்கத் தட்டாகவும் இரு பக்கத் தட்டாகவும், தேவகுமாரன் சின்னத்தோடும் நாய்ச் சின்னத்தோடும் வெளிவந்திருக்கக் கூடும். அச்செண்ணே இவையனைத்தும் ஒரே குரலின் ஒரே பதிவென்பதைக் காட்டித் தரும்.

தென்னாட்டின் நிலையைச் சிறிது நோக்குவோம். கைஸ்பேர்க்கின் முதற் பயணத்திற் சென்னை இடம்பெறவில்லை. அவருக்குப் பின் வந்த பதிவாளர்களே தென்னாட்டுக் குரல்களைத் தட்டில் ஏற்றினர். இருபதாம் நூற்றாண்டின் முதலிரு பத்தாண்டுகளில் அவ்வாறு பதிவானவர்களுள் சேலம் கோதாவரி, கோயம்புத்தூர்த் தாயி, பெங்களூர் நாகரத்தினம்மாள் ஆகியோர் சிறப்பாகக் குறிப்பிடத்தக்கவர்கள். இவர்கள் அனைவரும் பரம்பரையாக ஆடலும் பாடலும் பயின்ற குலங்களில் வந்த பெண்மணிகள் என்பது கருதற்பாலது. பதிவுக் கருவியின் முன் பாடினாற் குரல் கெட்டுவிடும் என்ற அச்சமும், தம் இசை தெருவெங்கும் ஒலிப்பது மதிப்புக்குறைவு என்ற எண்ணமும் அக்காலத்து ஆண் வித்துவான்கள் பலரைத் தடுத்தன. அத்தடையை இப்பெண்மணிகள் பொருட்படுத்தவில்லை.

இதன் பயன் யாதெனின், சமூகம் பின்னர் ஒதுக்கிவைத்த ஒரு மரபின் இசை, ஒதுக்கியவர்களின் இசையிலும் முந்தியே பதிவாகி நிலைத்தது. கருநாடக இசையின் வரலாற்றை எழுதியோர் சபைகளையும் கச்சேரிகளையும் பற்றி விரித்துரைத்த அளவுக்கு இப்பெண்மணிகளைப் பற்றி எழுதினாரல்லர். தட்டுகளின் பட்டியலோ அவர்களுடைய பெயர்களை மறவாது வைத்துள்ளது. கோயம்புத்தூர்த் தாயியின் இசைத்தட்டு பிரெஞ்சு நாட்டு இசையமைப்பாளரான மோரிஸ் டெலாஜின் செவிக்கும் எட்டிற்று. அவர் 1912இல் இந்தியாவுக்கு வந்தவர். 'இராகமாலிகா' என்னும் அவருடைய ஆக்கம் தாயியின் தட்டொன்றை அடியொற்றி அமைந்தது. வீணை தனம்மாளின் வாசிப்பும் அவருடைய முதுமைக்காலத்தில், 1930களில், கொலம்பியாத் தட்டுகளில் ஏறியது. அவர் 1938இல் மறைந்தார். சிறு கூட்டமே கேட்கும்படி மெல்ல வாசித்த அவ்வம்மையாரின் இசை எத்தகையது என்பதை இன்றுள்ளார் அறிவதற்கு அத்தட்டுகளே துணையாகின்றன.

கிராமபோன் கொம்பனி தனியரசு செலுத்தியதென்று கருதலாகாது. நிக்கோல், பெக்கா, ஒடியன், பதே முதலிய பல கொம்பனிகள் அதனோடு போட்டியிட்டன. வங்காளத்திற் சுதேசி இயக்கம் எழுந்த காலத்தில் ஹேமேந்திர மோகன் போஸ் என்பார் தாமே பதிவுத்தொழிலில் இறங்கி, இரவீந்திரநாத் தாகூரின் குரலையும் பதிந்தார். அவர் முதலில் உருளைகளையே வெளியிட்டார். பின்னர்ப் பிரெஞ்சுக் கொம்பனியான பதேயின் துணையுடன் தட்டுகளை வெளியிட்டார். பதேத் தட்டுகளிலே பாட்டு நடுவிற் றொடங்கி விளிம்பை நோக்கிச் செல்லும். அவற்றைச் சாதாரணக் கிராமபோன் பெட்டியில் வைத்துக் கேட்டல் இயலாது. சுதேசிக் குரல் ஒன்று மக்களை அடைவதற்கு ஐரோப்பியத் தொழிற்சாலையை நாடவேண்டியிருந்த நிலை அக்காலப் பொருளாதாரத்தை எடுத்துக்காட்டுவதாகும்.

சென்னையிலும் இதனையொத்த நிகழ்ச்சி ஒன்று உண்டு. பின்னாளிற் படத்தயாரிப்பாளராகப் புகழ்பெற்ற ஏ.வி. மெய்யப்பன், கூட்டாளிகளுடன் சேர்ந்து 1930களின் தொடக்கத்திற் சரஸ்வதி ஸ்ரோர்ஸ் என்னும் நிறுவனத்தை நடத்தினார். அந்நிறுவனத்தின் வழியாக ஒடியன் தட்டுகள் தென்னாடெங்கும் பரந்தன. சென்னையிற் பாடிய தமிழ்ப் பாட்டுகள் ஜேர்மனிக்குச் சென்று அச்சாகி மீண்டன. தமிழ்ப் பெயர் தாங்கிய சீட்டிலே, ஜேர்மனியிற் செய்யப்பட்டது என்னும் குறிப்பைக் காண்போர் வியப்பர். 1930களின் இறுதியில் இவ்வழி அடைபட்டது. அடுத்து வந்த பெரும்போரின் அழிவுகளை நோக்குமிடத்து, கல்கத்தாவில் இருந்த அச்சுகளைப் போல இப்பதிவுகளின் மூல அச்சுகளைத் தேடிப்பெறலாம் என எதிர்பார்த்தற்கில்லை. வீடுகளில் எஞ்சியுள்ள தட்டே பல பாட்டுகளுக்கு மூலமாகின்றது. ஒரு தட்டு அரிய பொருளாவது பழமையினால் மாத்திரமன்று, அஃது அச்சான இடத்தினாலும் ஆகும் என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு.

தட்டின் அளவும் இசையின் வடிவத்தைப் பாதித்தது. பத்தங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிட அளவே பாடலாம். மணிக்கணக்காக இராகம் விரிக்கும் வித்துவானும் அக்கால எல்லைக்குள் அடங்கவேண்டியிருந்தது. பல்லவியும் அனுபல்லவியும் சரணமும் சுருங்கின. இராகத்தின் உயிர்நிலையைச் சில நொடிகளில் வெளிப்படுத்தும் திறமை புதிய கலையாயிற்று. திருவாவடுதுறை இராசரத்தினம்பிள்ளையின் தோடி நாதசுவரத் தட்டு இன்றுவரை போற்றப்படுவதற்கு இத்திறமையும் ஒரு காரணமாகும். இசை நாடகங்களையோ ஒரே தட்டில் அடக்க முடியவில்லை. அவை பல தட்டுகள் கொண்ட தொகுதிகளாக வெளிவந்தன. அத்தொகுதியில் ஒரு தட்டு உடைந்தால் கதையில் ஒரு காட்சி குறையும். முதற் றமிழ்ப் பேசும்படமான காளிதாஸ் 1931இல் வந்தபின் திரைப்பாட்டுகள் பெருகின. தொடக்க காலத்திற் படத்தில் ஒலித்த பாட்டும் தட்டில் விற்ற பாட்டும் தனித்தனியே பதிவாவது உண்டு. ஆதலின் படச்சுருள் அழிந்த படமொன்றின் இசையைத் தட்டைக் கொண்டு அறிய முயல்வோர் இவ்வேறுபாட்டை மனத்திற் கொள்ளவேண்டும்.

இனி இலங்கையை நோக்குவோம். எழுபத்தெட்டுச் சுற்றுத் தட்டுகளின் காலத்தில் இலங்கையர் கேட்டவற்றுட் பெரும்பாலானவை கடல் கடந்து வந்தவையே. கொழும்பிற் கார்கில்ஸ் நிறுவனம் எச்.எம்.வி. தட்டுகளின் முகவராக விளங்கிற்று. கடை, கோயில் வீதி, திருமண வீடு ஆகிய இடங்களிற் சாவி கொடுத்து ஓட்டிய கிராமபோன் பெட்டிகளின் வழியாகத் தென்னிந்திய இசை இந்நாட்டுத் தமிழரிடையே பரவியது. கே.பி. சுந்தராம்பாள் கொழும்பு மேடையில் நடித்துவந்த காலத்திலேயே, 1926இல், எஸ்.ஜி. கிட்டப்பா அங்கு வந்து அவருடன் இணைந்து நடித்தார். கிட்டப்பா 1933இல் இளமையிலேயே மறைந்தார். அவர் பாடக் கேட்டவர்கள் அவர் குரலை நினைவிலே வைத்திருந்தனர். அவர்தம் மக்களுக்கும் பேரர்க்கும் அக்குரலைக் காட்டித்தந்தது தட்டேயாகும்.

வானொலி வந்தபின் தட்டின் பணி மேலும் விரிந்தது. 1923இலே தந்தி இலாகாவின் பொறியியலாளரான எட்வேர்ட் ஹாப்பர், பிடிபட்ட ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பலொன்றின் கருவிப் பகுதிகளைக் கொண்டு அமைத்த ஒலிபரப்பியினால், கிராமபோன் இசையையே கொழும்பிலிருந்து பரிசோதனையாக ஒலிபரப்பினார். 1925 திசெம்பரில் ஒழுங்கான ஒலிபரப்புத் தொடங்கியது. பின்னர் 1952இல் இந்தியாவின் ஒலிபரப்பு அமைச்சர் பி.வி. கேஸ்கர் அந்நாட்டு வானொலியிற் றிரைப்பாட்டுக்கு இடத்தைக் குறைத்தபோது, அப்பாட்டை நாடிய இந்திய மக்கள் இலங்கை வானொலியின் வர்த்தக ஒலிபரப்பை நோக்கித் திரும்பினர். இந்தியாவின் விவித பாரதி 1957 ஒக்டோபரிலேயே தோன்றிற்று. அவ்விடைக்காலத்தில் டம்டத்தில் அச்சான தட்டு கப்பலிற் கொழும்புக்கு வந்து, கொழும்பிலிருந்து வான்வழியே மீண்டும் சென்னைக்கும் பம்பாய்க்கும் சென்றது. எஸ்.பி. மயில்வாகனத்தின் குரலோடு இணைத்தே அப்பாட்டுகளைத் தமிழகத்தார் பலர் நினைவுகூர்ந்தனர். இங்ஙனம் சேர்ந்த தட்டுகளாலேயே இலங்கை வானொலியின் இசைத்தட்டு நூலகம் பிறநாட்டாரும் தேடிவரும் சிறப்பைப் பெற்றது.

தட்டு எதனாற் செய்யப்பட்டது என்பதும் நாட்டு வரலாற்றோடு பிணைந்தது. பழைய தட்டின் முதன்மைப் பொருள் அரக்கு. அரக்குப் பூச்சிகள் மரக்கிளைகளிற் சுரக்கும் இப்பொருளிற் பெரும்பகுதி இந்தியாவின் சோட்டா நாகபுரிக் காடுகளிலிருந்து கிடைத்தது. அதனோடு கற்பொடியும் கரியும் சேர்த்துத் தட்டு வார்த்தனர். ஆகவே நியூயோர்க்கிலும் இலண்டனிலும் விற்ற பாட்டிலும் இந்தியக் காட்டுமக்களின் உழைப்புக் கலந்திருந்தது. இரண்டாம் உலகப்போரிற் கப்பற்போக்குவரத்துத் தடைப்பட்டபோது, 1942இல், அமெரிக்க அரசு தட்டுக்குரிய அரக்கைப் பெரிதும் குறைத்தது. அதனால் அங்குப் பழைய தட்டுகளை மக்களிடமிருந்து திரும்பப் பெற்று நொறுக்கிப் புதிய தட்டாக்கினர். ஒரு தலைமுறையின் இசை மற்றொரு தலைமுறையின் இசைக்கு மூலப்பொருளாகி மறைந்தது.

அரக்கின் இடத்தை வைனில் என்னும் செயற்கைப் பொருள் பிடித்தது. அமெரிக்கக் கொலம்பியா 1948இல் நிமிடத்துக்கு முப்பத்துமூன்றே முக்காற் சுற்றினும் சற்றுக் குறைந்த, அதாவது 33⅓ சுற்றுச் சுழலும் நெடுந்தட்டினை வெளியிட்டது. மறுவருடம் ஆர்.சி.ஏ. விக்டர் 45 சுற்றுச் சிறுதட்டைக் கொணர்ந்தது. நெடுந்தட்டின் ஒரு பக்கத்தில் இருபது நிமிடத்துக்கு மேல் இசையைப் பதியலாம். பல பாட்டுகளை ஓரொழுங்கில் அமைத்து நூலைப்போல வெளியிடும் வழக்கம் இதனால் வேரூன்றியது. வெளியீட்டு வரலாறு புதிய சிக்கலை அடைந்ததும் இதனாலேயே. ஒரே கலைஞரின் ஒரே பெயருடைய தட்டு நாட்டுக்கு நாடு வேறாக அமையத் தொடங்கிற்று.

இதற்கு உலகறிந்த சான்று பீற்றில்ஸ் என்னும் ஆங்கில இசைக்குழுவின் தட்டுகள். 1963 நொவெம்பரில் 'வித் த பீற்றில்ஸ்' என்னும் நெடுந்தட்டுப் பிரித்தானியாவிற் பதினான்கு பாட்டுகளோடு வெளிவந்தது. அமெரிக்காவின் கப்பிற்றல் நிறுவனமோ அதனை மாற்றியமைத்து, 1964 சனவரியில் 'மீற் த பீற்றில்ஸ்' என்னும் வேறு பெயரிற் பன்னிரண்டு பாட்டுகளோடு வெளியிட்டது. அமெரிக்காவில் ஆக்கியோனுக்குரிய பங்கு பாட்டின் தொகையைக் கொண்டு கணக்கிடப்பட்டமையும், தனித்தட்டில் வெற்றிபெற்ற பாட்டை நெடுந்தட்டிலும் சேர்த்து விற்கும் அந்நாட்டு வழக்கமும் இதற்குக் காரணங்களாம். 1966இல் வந்த 'றிவோல்வர்' பிரித்தானியாவிற் பதினான்கு பாட்டுகள் கொண்டது. அமெரிக்காவிற் பதினொன்றே கொண்டது. விடுபட்ட மூன்றும் முதன்மையாக ஜோன் லெனன் ஆக்கியவை. அவை முன்னரே வேறொரு தட்டில் அமெரிக்காவில் வெளிவந்துவிட்டன. எனவே 'றிவோல்வர்' தட்டில் லெனனின் பங்கு சிறிதென ஓர் அமெரிக்கரும், பெரிதென ஓர் ஆங்கிலேயரும் வாதிட்டால், இருவரும் தத்தம் கையிலுள்ள சான்றைக் கொண்டு உண்மையே பேசியவராவர். தட்டின் நாட்டைக் குறிப்பிடாத திறனாய்வு எத்துணைப் பயனற்றது என்பது இதனால் விளங்கும். 1967இல் வந்த 'சார்ஜன்ற் பெப்பர்' தொடங்கியே இரு நாட்டுத் தட்டுகளும் பாட்டொழுங்கில் ஒன்றாயின.

இக்குழுவினரின் பாட்டுகள் இந்தியாவில் வெளிவந்த முறை இன்னும் வியப்பிற்குரியது. பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் எழுபத்தெட்டுச் சுற்றுத் தட்டு வழக்கொழிந்த பின்னரும், 1960களின் நடுப்பகுதியில், பீற்றில்ஸ் பாட்டுகள் டம்டத்தில் அவ்வடிவத்திலேயே அச்சாயின. மின்சாரம் எட்டாத ஊர்களிற் சாவி கொடுத்து ஓட்டும் பெட்டிகளே இருந்தமையால் பழைய வடிவத்துக்கு இந்தியாவிற் றேவை நீடித்தது. இன்று அத்தட்டுகளைப் பெறுதற்கு மேலைநாட்டுச் சேகரிப்பாளர் பெரும்பொருள் கொடுக்கின்றனர். அவர்கள் விலை கொடுப்பது அருமைக்காக. வரலாற்றாசிரியனுக்கோ அத்தட்டு, அக்கால இந்தியாவின் மின்வசதி எங்ஙனம் இருந்தது என்பதற்குக் கைக்கெட்டும் சான்றாகின்றது.

இவ்விடத்திற் சந்தை விலையும் வரலாற்று மதிப்பும் வேறு வேறு என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. சந்தை விரும்புவது கீறலற்ற தட்டையும் முதல் வெளியீட்டையும். ஆராய்ச்சியோ தேய்ந்த தட்டையும் மறுவெளியீட்டையும் புறக்கணிப்பதில்லை. மறுவெளியீடு ஒரு பாட்டு எத்தனை காலம் விரும்பப்பட்டது என்பதைச் சொல்லும். ஊசி தேய்த்த வரிகள் அஃது எத்தனைமுறை கேட்கப்பட்டது என்பதைச் சொல்லும். உறையில் இட்ட கடை முத்திரை எவ்வூரில் விற்கப்பட்டது என்பதைச் சொல்லும். ஆதலால் உறையைக் கழித்துவிட்டுத் தட்டை மாத்திரம் பேணுவது, சுவடியின் இறுதி ஏட்டைக் கிழித்துவிட்டு நூலைப் பேணுவதையொக்கும். ஏடெழுதினோன் பெயரும் காலமும் ஊரும் அவ்விறுதி ஏட்டிலன்றோ இருக்கும்!

மேலைநாடுகளில் இத்துறை தனிக்கலையாக வளர்ந்துள்ளது. பிரெஞ்சு அறிஞர் சார்ள் டெலோனே 1936இல் ஜாஸ் இசைத்தட்டுகளுக்கு விரிவான அட்டவணை நூலொன்றை வெளியிட்டு வழிகாட்டினார். இந்திய இசைத்தட்டுகளைப் பொறுத்தவரையில் அவுஸ்திரேலியரான மைக்கல் கின்னியர், கிராமபோன் கொம்பனியின் 1899 முதல் 1908 வரையான இந்தியப் பதிவுகளை ஆராய்ந்து 1994இல் நூலாக வெளியிட்டார். பம்பாயில் 1990இல் இந்திய இசைத்தட்டுச் சேகரிப்பாளர் சங்கம் தோன்றி, சேகரிப்பாளர் தம்முள் செய்தி பரிமாறிக்கொள்ள வழிசெய்தது. இம்முயற்சிகளுட் பல, அரசாங்கமோ பல்கலைக்கழகமோ தொடங்கியவையல்ல. தட்டினை நேசித்த தனிமனிதர்களின் உழைப்பாலானவை.

இலங்கைத் தமிழர்க்கு இப்பணி வெறும் அறிவாராய்ச்சியன்று. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அவ்விழப்பை உலகம் அறியும். 1995 ஒக்டோபரில் யாழ்ப்பாண மக்கள் இடம்பெயர்ந்தபோது கையிற் கொண்டுசெல்லத்தக்கவற்றையே எடுத்துச் சென்றனர். பாரமும் உடையும் தன்மையும் கொண்ட இசைத்தட்டு அவற்றுள் ஒன்றாதல் அரிது. நூல்களின் இழப்புக்கு எண்ணாயினும் உண்டு. வீடுகளில் இருந்த தட்டுகளின் இழப்பை எண்ணுதற்குப் பட்டியல் வேண்டும். எத்தட்டு எவ்வூரில் வாங்கப்பட்டது, எவ்விழாவில் ஒலித்தது என்பவை எழுதப்பட்டிருப்பின், தட்டு உடைந்தபின்னும் அதன் வரலாறு உடையாதிருக்கும்.

எஞ்சியவற்றைக் காத்தல் அத்துணைக் கடினமானதன்று. தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காது நிமிர்த்தி வைத்தல் வேண்டும். வெப்பத்தால் வைனில் தட்டு வளையும். அரக்குத் தட்டோ மதுசாரம் பட்டாற் கரையும். ஆதலின் ஒன்றுக்கேற்ற துப்புரவு முறை மற்றொன்றுக்கு ஏலாது. பாட்டினைக் கணினிக்கு மாற்றுவோர் ஒலியோடு நின்றுவிடாது, சீட்டு, அச்செண், பட்டியலெண், அச்சான இடம், உறையின் முத்திரை ஆகிய யாவற்றையும் படமெடுத்துக் குறித்துவைத்தல் வேண்டும். இவை இன்றி ஒலி மாத்திரம் பரவுமாயின், பாடியவர் பெயரும் காலமும் மாறிப் பிழையான வரலாறே பெருகும்.

கல்கத்தாவிற் பாடிய குரல் ஹனோவரில் உருவம்பெற்றது. சென்னையிற் பாடிய பாட்டுக் கல்கத்தாவிலும் ஜேர்மனியிலும் அச்சாகிக் கொழும்பில் விற்கப்பட்டு யாழ்ப்பாணத்துத் திருமணப் பந்தலில் ஒலித்தது. இந்நெடும்பயணத்தின் ஒவ்வொரு படியும் தட்டின்மீது எழுதப்பட்டுள்ளது. அதனைப் படிக்கும் ஆற்றல் நூலறிவால் மாத்திரம் வருவதன்று. தட்டைக் கையிலெடுத்துச் சாய்த்துப் பார்க்கும் பொறுமையாலும் வருவது. பழைய வீடுகளின் பரண்களிலும் பெட்டகங்களிலும் இன்னும் எஞ்சியிருக்கும் தட்டுகளைக் கண்டெடுத்து, அவற்றுக்கு ஒரு பட்டியல் எழுதுதல் மாணவர் குழுவொன்றால் இயலக்கூடிய பணியே. அப்பட்டியல் எழுதப்படும் நாளில் ஈழத்துத் தமிழரின் இசை வரலாற்றுக்கு நம்பத்தக்க அடிப்படையொன்று கிடைக்கும்.